மூன்றாவது நிரல்

எட்டு ஓட்டம் கேட்டேன்.
நாலு போதும் என்றார் டெனிஸ்,
ஒரு பெட்டி நைலான் என்ன விலை தெரியுமா என்று.

வின்ட்சரில், வாக்கர் சாலை ஆலையில்,
காரின் கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டிக்கு
மூடி வார்க்கிறோம்.
உள்ளங்கைக்குள் அடங்கும் மூடி.
நூற்றில் பத்துப் பதினைந்து
குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

காரணிகள் மூன்று:
அச்சின் சூடு,
உருகலை உள்ளே தள்ளும் வேகம்,
பகல் ஷிப்டா இரவு ஷிப்டா.
கூட்டல் குறியும் கழித்தல் குறியுமாய் அட்டவணை போட்டேன்.
முதல் நிரலை இரண்டாம் நிரலால் பெருக்கினால்
அச்சு அசலாய் மூன்றாம் நிரல்.
நாலு ஓட்டத்துக்குள் மூன்றைத் திணித்தால் அப்படித்தான்,
ஒரே நாற்காலியில் இரண்டு பேர்,
ஒரே பெயர்ப்பலகை.
அதில் ‘இரவு’ என்று எழுதியவள் நான்.

இரவில் இருபத்தொன்று, இருபத்துமூன்று.
பகலில் நாலு, ஐந்து.
வித்தியாசம் பதினேழரை.
இவ்வளவு தெளிவான எண்
அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.
ஆறாம் பக்க அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்,
இடைவினை ஒன்று இதனுள் கலந்திருக்கலாம் என்று
போட்டுத்தான் வைத்தேன்.
ஆறாம் பக்கம் வரை யார் போவார்கள்.
நானே போகவில்லை.

இரவு என்றால் மிலோராட்.
பதினொரு மணிக்கு வருவார்,
காதடைப்பானை மாட்டுமுன்
எல்லோருக்குமாய் ஒரு தலையசைப்பு.
அவருக்குக் கடிதம் போயிற்று.
என் அறைக்கு வந்தார், கத்தவில்லை,
இரண்டு மூடிகளை மேசையில் வைத்தார்.
ஒன்றின் விளிம்பில் ஒரு கடி,
உருகல் எட்டுமுன் உறைந்துவிட்ட இடம்.
மற்றதன் விளிம்பில் வழிந்து காய்ந்த மீசை.
“இது பட்டினி. இது அஜீரணம்.
இரண்டையும் ஒரே சமையல்காரனா செய்தான்?”

டெனிஸிடம் கேட்கவில்லை.
வெள்ளி இரவும் சனி பகலுமாய்
மிச்ச நாலையும் ஓட்டினேன்.
இயந்திரம் சூடேறும் வரை வெளியே நின்றேன்.
ஆற்றுக்கு அப்பால் டெட்ராய்ட் விளக்குகள்.
இந்த ஊருக்கு அமெரிக்கா வடக்கே இருக்கிறது;
வந்த புதிதில் வரைபடத்தைத்
தலைகீழாய்ப் பிடித்திருக்கிறேனோ என்று பார்த்திருக்கிறேன்.

சூடும் நிதானமும், இரவில்: மூன்று.
குளிரும் வேகமும், இரவில்: ஆறு.
குளிரும் நிதானமும், பட்டப்பகலில்: இருபத்திரண்டு.
சூடும் வேகமும், பட்டப்பகலில்: இருபத்தொன்று.

நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்துபோனார்.

எட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால்
இரவின் பங்கு கால்.
சூடு தனியே முக்கால்.
வேகம் தனியே ஒன்றேகால்.
சூடும் வேகமும் கூடும் இடத்தில்
பதினேழேகால்.
சூட்டை விசாரித்தால் நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறது.
வேகமும் அதையே சொல்கிறது.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
வரைபடத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டன,
தப்பான விடைக்கு ஆசிரியர் போடும்
பெருக்கல் குறி மாதிரி.
நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று சாருகாவுக்குத் தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடம்.
பூ, கொடி. சேர்த்தெழுதுக.
பூங்கொடி என்று எழுதிவிட்டுக் கேட்டாள்:
“அம்மா, இந்த ங் பூவிலும் இல்லை, கொடியிலும் இல்லை.
ஆர் கொண்டுவந்தது?”
தோன்றல் என்று எழுதம்மா என்றேன்.
“அது பெயர். நான் ஆளைக் கேட்டனான்.”

இப்போது அச்சு சூடு, தள்ளுவது நிதானம்.
நூறுக்கு மூன்று, சில நாள் நாலு.
கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.
டெனிஸ் நாலு ஓட்டத்து நைலானை
என் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.
மிலோராட் பதினொரு மணிக்கு வருகிறார், தலையசைக்கிறார்.
அந்த எல்லோரில் நானும் சேர்த்தியா என்று
பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பிடிபடவில்லை.

இரண்டு மூடிகளும் மேசையில்தான் இருக்கின்றன.
மீசை வைத்ததைக் கவிழ்த்துப்போட்டு
காகிதக் கொளுக்கிகள் வைத்திருக்கிறேன்.
கடிபட்டதில் ஒன்றும் தங்குவதில்லை.